மொழியியல் பட்டம்: கடன் எவ்வளவு வரை தாங்கும்?

மொழியியல் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி "படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பதினெட்டு வயதில் அதற்குத் திட்டமான பதில் யாரிடமும் இருக்காது. சேருவதற்கு முன்பே பைசா சுத்தமாகச் சொல்லக்கூடியது வேறொன்று: நான்கு ஆண்டு முடிவில் தலைமேல் எவ்வளவு கடன், அதற்கு மாதாமாதம் எவ்வளவு தவணை. சம்பளம் பரந்து கிடக்கும் ஒன்று; கடன் ஒற்றை எண். அந்த ஒற்றை எண்ணை, சம்பளப் பரப்பின் தாழ்ந்த பக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. சராசரியோடு ஒப்பிட்டுத் திருப்திப்படுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

எடுத்துக்கொண்ட நேர்வு: அமெரிக்காவில் 2026 இலையுதிர் பருவத்தில் இளங்கலை மொழியியலில் சேரும் 18 வயது மாணவி. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்கள். மாணவி கணக்குக்காக அமைத்துக்கொண்ட மாதிரி. கடன் வரம்பு, வட்டி விகிதம், திருப்பிச் செலுத்தும் விதிகள் மட்டும் உண்மையானவை. கையில் இரண்டு சேர்க்கைக் கடிதங்கள். ஒன்று சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம்: உதவித்தொகையும் பெற்றோர் தருவதும் போக, அவர் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கடனே மீதிக்குப் போதும். மற்றொன்று பெயர்பெற்ற தனியார் கல்லூரி: அதே கடனுக்கு மேல் பெற்றோரும் 65,000 டாலர் கடன் வாங்க வேண்டும்.

2026-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மாணவர் கடன் விதிகளை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1-க்குப் பிறகு முதன்முதலாகக் கடன் வாங்குகிறவருக்கு முழுக்கப் புதிய விதிதான். இணையத்தில் சுற்றும் பழைய தவணைக் கணக்குகளில் பாதி இவருக்குப் பொருந்தாது.

கடன் பக்கம்

பெற்றோரைச் சார்ந்த இளங்கலை மாணவருக்கு மத்திய அரசு தரும் நேரடிக் கடனுக்கு ஆண்டு வரம்பு உண்டு. முதல் ஆண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500. நான்கு ஆண்டுக்கு 27,000. ஐந்தாம் ஆண்டுக்கு நீண்டாலும் மொத்தம் 31,000-ஐத் தாண்ட முடியாது.

இந்த 27,000-க்குள் இரண்டு வகை இருக்கிறது. குடும்ப வருமானத்தை வைத்துத் தேவை உண்டு என்று ஃபாஃப்சா (மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பம்) காட்டினால், 19,000 வரை மானியக் கடனாகக் கிடைக்கும். படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும். மீதி 8,000 மானியமில்லாக் கடன். பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். தேவை இல்லை என்று முடிவானால் 27,000-மும் மானியமில்லாக் கடன்தான்.

வட்டி ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் தனியாக, மே மாதக் கருவூலப் பத்திர ஏலத்தை ஒட்டி நிர்ணயமாகும். ஒருமுறை வாங்கிய கடனுக்கு அந்த விகிதம் கடைசி வரை மாறாது. 2025-26-இல் இளங்கலைக்கு 6.39 சதவீதம். வரும் ஆண்டுகளின் ஏலத்தை ஊகிப்பதற்குப் பதிலாக, நான்கு ஆண்டுக்கும் இதையே வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டுக் கடனும் பாதி செப்டம்பரிலும் பாதி ஜனவரியிலும் வரும். மே மாதம் பட்டம். ஆறு மாத அவகாசம் முடிந்து நவம்பரில் முதல் தவணை. ஆக, முதல் ஆண்டுக் கடனுக்குச் சராசரியாக 4 ஆண்டு வட்டி, அடுத்ததற்கு 3, பின் 2, பின் 1. மானியமில்லாப் பங்கு ஆண்டுக்கு 2,000 என்றால் சேரும் வட்டி 2,000 × 10 × 6.39 சதவீதம், அதாவது 1,278 டாலர். தவணை தொடங்கும் நாளில் கடன் 28,278. முழுவதும் மானியமில்லாக் கடன் என்றால் சேரும் வட்டி 4,090, கடன் 31,090. ஃபாஃப்சாவை "நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது" என்று நிரப்பாமல் விடும் குடும்பங்கள் இழக்கக்கூடியது இந்த 2,800 டாலர். நிரப்பாவிட்டால் மானியமில்லாக் கடனும் கிடையாது என்பது வேறு விஷயம்.

இதற்குப் பிறகுதான் புதிய சட்டத்தின் குசும்பு. முன்பு வழக்கமான தவணைத் திட்டம் எல்லாருக்கும் 10 ஆண்டு. இப்போது கடன் 25,000-க்குள் இருந்தால்தான் 10 ஆண்டு; 25,000-லிருந்து 50,000 வரை 15 ஆண்டு; 50,000 முதல் 1,00,000 வரை 20; அதற்கு மேல் 25. நான்கு ஆண்டும் வரம்பு முழுவதையும் வாங்கியவர் 15 ஆண்டுத் திட்டத்தில் விழுகிறார்.

சேர்ந்த வட்டியையும் அசலோடு சேர்த்துத் தவணை போட்டால், 28,278 டாலருக்கு 15 ஆண்டுத் தவணை மாதம் 245. மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 44,000. அதே கடனை 10 ஆண்டில் முடித்தால் தவணை 320, மொத்தம் 38,300. தவணை 75 டாலர் குறைகிறதே என்று மகிழ்ந்தால் கடைசியில் 5,700 டாலர் கூடுதல். முன்கூட்டிக் கட்டினால் மத்திய அரசுக் கடனில் அபராதம் கிடையாது; ஆகவே 15 ஆண்டுத் திட்டத்தில் இருந்துகொண்டே 320 கட்டி வரலாம். கூடுதல் பணத்தை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வரவு வைக்காமல் இந்த மாதமே கடனில் கழிக்கும்படி, கடனை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் "கட்ட வேண்டியது 0" என்று அறிவிப்பு வரும். அதை நம்பி ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டால் கூடுதலாகக் கட்டிய பலன் போய்விடும்.

எந்தச் சம்பளத்துக்கு இது தாங்கும்?

வேலைவாய்ப்பை முன்னிறுத்தும் படிப்புகளைச் சோதிக்க அமெரிக்கக் கல்வித்துறை பயன்படுத்திய ஓர் அளவுகோல் உண்டு: ஆண்டுத் தவணை, ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இளங்கலைக்கு 15 ஆண்டுத் தவணையாகக் கணக்கிட்டார்கள். மொழியியலுக்காக வகுத்தது அல்ல என்றாலும் இந்த அளவுகோல் இங்கே நன்றாகவே உதவுகிறது. மாதம் 245 என்றால் ஆண்டுக்கு 2,935. அதற்கு வேண்டிய சம்பளம் 36,700 டாலர். 10 ஆண்டில் முடிக்க நினைத்தால் 47,900.

ஒப்பிட்டுப் பார்க்க: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 கணக்கில், 25 வயதுக்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களில் பள்ளிப் படிப்போடு நின்றவர்களின் இடைநிலை (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும்) வாரச் சம்பளம் 930 டாலர். ஆண்டுக்கு 48,000-ஐ ஒட்டி வருகிறது. இளங்கலை முடித்தவர்களுக்கு வாரம் 1,543, ஆண்டுக்கு 80,000. இவை எல்லா வயதினரையும் எல்லாத் துறையினரையும் சேர்த்தவை. இருபத்திரண்டு வயது மொழியியல் பட்டதாரி இரண்டாவது எண்ணை எதிர்பார்க்கக்கூடாது. 36,700 எட்டக்கூடிய தூரம்தான். பட்டத்தோடு சம்பந்தமே இல்லாத அலுவலக வேலையிலும் கிடைக்கும். முதல் கடிதம் தாங்கும் என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை.

சம்பளம் அதையும் எட்டாவிட்டால்? வருமானத்தைப் பொறுத்துக் கட்டும் புதிய ஆர்ஏபி திட்டம் 2026 ஜூலையில் தொடங்குகிறது. வரிக் கணக்கில் வரும் சரிசெய்த மொத்த வருமானம் 10,000 டாலருக்குள் என்றால் மாதம் 10 டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு 10,000-க்கும் ஒரு சதவீதம் ஏறும்: 20,000 வரை 1, 30,000 வரை 2, இப்படியே 1,00,000-க்கு மேல் 10 சதவீதம். கவனிக்க வேண்டியது, சதவீதம் முழு வருமானத்துக்கும் விழும், கூடுதல் பகுதிக்கு மட்டுமல்ல. வருமானம் 40,000 என்றால் 3 சதவீதம், மாதம் 100. இன்னும் ஒரு டாலர் கூடினால் 4 சதவீதம், மாதம் 133. இந்தப் படிக்கட்டின் விளிம்பில் நிற்பவர் வரிக்கு முந்தைய ஓய்வூதியக் கணக்கில் சில நூறு டாலர் போட்டாலே கீழ்ப்படிக்கு இறங்கிவிடலாம்.

38,000 வருமானத்தில் ஆர்ஏபி தவணை 95 டாலர். நம் மாணவியின் கடனுக்கு மாத வட்டியே 150. கட்டாமல் போன 55 டாலர் வட்டி தள்ளுபடியாகும். அதற்கு மேல் அரசு அசலில் மாதம் 50 டாலர் வரை குறைக்கும். பழைய திட்டங்கள் பலவற்றில் தவணை கட்டக் கட்டக் கடன் வளர்ந்த அவலம் இதில் இல்லை. ஆனால் மிச்சக் கடன் தள்ளுபடியாக 30 ஆண்டு ஆகும். அரசு அல்லது லாபநோக்கற்ற நிறுவனத்தில் வேலை என்றால் பொதுச்சேவைத் தள்ளுபடி 120 தவணையில் வரும். பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. வருமானம் 58,700-க்குக் கீழே இருக்கும் வரை ஆர்ஏபி தவணை 245-ஐ விடக் குறைவு. அதைத் தாண்டினால் வழக்கமான திட்டமே குறைந்த தவணை.

இரண்டாவது கடிதம்

அதே 27,000-க்கு மேல் பெற்றோர் பேரில் 65,000. இது பேரன்ட் பிளஸ் கடன். புதிய சட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். முன்பு படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்கலாம். 2025-26 வட்டி 8.94 சதவீதம். இது போக, கடன் தரும்போதே 4.228 சதவீதக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். 65,000 வாங்கினால் கல்லூரிக்குப் போய்ச் சேர்வது 62,250. வட்டி முழு 65,000-க்கும்.

ஆண்டுக்கு 16,250 என்று பிரித்து வாங்கி, படிப்பு முடியும் வரை தவணையைத் தள்ளிப்போட்டால் சேரும் வட்டி 14,500 டாலர். கடன் 79,500. 20 ஆண்டுத் தவணை மாதம் 712. மொத்தம் கட்டுவது 1,71,000. ஆர்ஏபி இந்தக் கடனுக்குக் கிடையாது. வருமானம் குறைந்தாலும் 712 குறையாது. பெற்றோருக்கு இப்போது ஐம்பது வயது என்றால் எழுபத்தைந்தை ஒட்டி முடியும்.

மகளும் பெற்றோரும் சேர்த்து மாதம் 957. இதை மகளின் சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டியிருந்தால், 8 சதவீத அளவுகோல் கேட்பது 1,43,000 டாலருக்கும் மேல். இளங்கலை மொழியியல் மட்டும் படித்தவருக்கு அந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது லாட்டரிச் சீட்டை நம்பிக் கல்யாண மண்டபம் பேசுவது போலத்தான்.

இன்னொரு கண்ணி சேர்க்கைக் கடிதத்திலேயே இருக்கும். "நிதி உதவி" என்ற தலைப்பின் கீழ் உதவித்தொகை, வளாக வேலை, மாணவர் கடன், பெற்றோர் கடன் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் கடிதங்கள் உண்டு. கடன் உதவி அல்ல. உதவித்தொகையை மட்டும் தனியே எடுத்து, மொத்தச் செலவிலிருந்து கழித்து, நான்கால் பெருக்க வேண்டும். அந்த உதவித்தொகை நான்கு ஆண்டுக்கும் உறுதியா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

சம்பள எண்ணும் அதன் பின்னால் இருக்கும் குறியீடும்

கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடி, படிப்புப் பிரிவைத் திறந்தால் பட்டதாரிகளின் இடைநிலை வருமானமும் இடைநிலைக் கடனும் தெரியும். நல்ல கருவி. ஆனால் மொழியியலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு படிப்புக்கும் சிஐபி என்ற ஆறு இலக்கக் குறியீடு உண்டு. மொழியியல் 16.0102. ஸ்கோர்கார்டு நான்கு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது, 16.01 என்ற கூட்டுக்குள் பொது அயல்மொழி-இலக்கியப் படிப்பு, மொழிபெயர்ப்பு, ஒப்பிலக்கியம், பயன்பாட்டு மொழியியல் எல்லாம் அடங்கும். ஒரு கல்லூரியில் மொழியியல் மாணவர் பத்துப் பேர், ஒப்பிலக்கிய மாணவர் முப்பது பேர் என்றால் நீங்கள் பார்க்கும் எண் பெரும்பாலும் ஒப்பிலக்கியத்தினுடையது. அந்தக் கல்லூரி 16.01-இன் கீழ் வேறு என்னென்ன பட்டம் தருகிறது என்பதைப் படிப்புப் பட்டியலில் முதலில் பார்த்துவிட வேண்டும். மொழியியல் மட்டும் என்றால் எண்ணை நம்பலாம்.

அடுத்தது, யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்பது. மத்திய அரசுக் கடனோ உதவித்தொகையோ வாங்கியவர்கள் மட்டும்தான் அந்தப் புள்ளிவிவரத்தில் இருப்பார்கள். வருமானம் அளக்கும் ஆண்டில் மேற்படிப்பில் இருப்பவர்களை விட்டுவிடுவார்கள். மொழியியலில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால், பட்டம் பெற்ற மறு ஆண்டு எண் பெரும்பாலும் மேற்படிப்புக்குப் போகாதவர்களின் வருமானமே. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதைப் பொருட்படுத்தாமல் விடவும் வேண்டாம். மேற்படிப்புக்கு இடம் கிடைக்காவிட்டால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். சில ஆண்டு கழித்த எண் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிறிய துறைகளில் எண்ணே இருக்காது. ஆட்கள் குறைவு என்றால் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள். அப்போது செய்யக்கூடிய வேலை, துறைத் தலைவருக்கோ ஆலோசகருக்கோ எழுதி, கடந்த மூன்று ஆண்டுப் பட்டதாரிகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்பது. பட்டியல் வைத்திருக்கும் துறை இரண்டு நாளில் அனுப்பும். "எங்கள் மாணவர்கள் பல துறைகளில் சிறக்கிறார்கள்" என்று மட்டும் பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். ஸ்கோர்கார்டின் இடைநிலைக் கடன் எண்ணிலும் கவனம் தேவை: முதலில் கண்ணில் படுவது மாணவர் பேரிலான மத்திய அரசுக் கடன் மட்டும். பெற்றோர் கடன் தனி வரியில் இருக்கும். தனியார் வங்கிக் கடன் எங்கும் இருக்காது.

இதே குறியீடு, தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் முதுநிலை படிக்கப் போகிறவருக்கு வேறு விதத்தில் தலைவிதியாகிறது. படிப்பு முடிந்தபின் அங்கே வேலை செய்ய ஓபிடி அனுமதி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் இன்னும் 24 மாதம் கூடும். 16.0102 அந்தப் பட்டியலில் இல்லை. 30.4801 என்ற "மொழியியலும் கணினி அறிவியலும்" 2023-இல் சேர்க்கப்பட்டது. 11-இல் தொடங்கும் கணினிக் குறியீடுகள் முன்பிருந்தே உண்டு. இரண்டு பல்கலைக்கழகங்களில் "கணினி மொழியியல் முதுநிலை" என்றே பெயர் இருந்தும், ஒன்று 16-இலும் மற்றொன்று 30-இலோ 11-இலோ பதிவாகியிருக்கலாம். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயரை அடுத்து இந்த எண் அச்சாகியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. போன பிறகு துறை மாறினால்தான் குறியீடு மாறும்.

மே மாதம் படிப்பை முடிப்பவருக்கு 12 மாத அனுமதியில் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல் ஒருமுறைதான் வாய்க்கும், அடுத்த மார்ச்சில். ஸ்டெம் நீட்டிப்பு இருந்தால் மூன்று முறை. அந்த நீட்டிப்புக்கு, வேலை தரும் நிறுவனம், ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை முறையில் பதிவாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இதைக் கடனோடு வைத்துப் பாருங்கள். இந்திய வங்கியில் 40 லட்சம், 10 சதவீத வட்டி, ஆண்டுக்கு 20 லட்சமாக இரண்டு தவணையில் வாங்கியதாகக் கொள்வோம். படிப்பு இரண்டு ஆண்டு, அதன்பின் ஓராண்டு தவணை கட்டுவதிலிருந்து விலக்கு. தனிவட்டியாகவே 10 லட்சம் சேரும். 50 லட்சத்துக்கு 15 ஆண்டுத் தவணை மாதம் 53,700 ரூபாய். அமெரிக்கச் சம்பளத்தில் இது சிரமமில்லை. பன்னிரண்டாம் மாதம் ஊர் திரும்ப நேர்ந்தால் இந்தியாவில் ஒரு தொடக்கநிலைச் சம்பளம் அந்தத் தவணைக்கே போய்விடும். 16.0102 குறியீட்டு முதுநிலைக்கு வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மொழியியல்தான் வேண்டும் என்றால் கடனில்லாத பாதை உள்ளூரிலேயே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறைகள் உண்டு. ஹைதராபாத், ஜேஎன்யூ போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. முதுநிலையை இங்கே முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு நல்கை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அமெரிக்கா போக வேண்டுமென்றால் அதன்பின் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பட்டத்துக்குப் பிந்தைய பாதைகள், தவணையோடு

முனைவர் பட்டம் என்றால் விதி எளிது. அமெரிக்காவில் நல்ல மொழியியல் துறைகள் கல்விக் கட்டணத்தை நீக்கி, கற்பித்தல் உதவியாளர் ஊதியமும் தந்துதான் முனைவர் மாணவரை எடுக்கும். அது இல்லாத இடம் வந்தால் போகாமல் இருப்பதே மேல். நம் மாணவி போனால் இளங்கலைக் கடனின் தவணை அதுவரை தள்ளிப்போகும். மானியமில்லா 8,000-க்கு மட்டும் ஆண்டுக்கு 511 டாலர் வட்டி ஏறும். ஊதியத்திலிருந்து மாதம் 43 டாலர் கட்டிவந்தால் அதுவும் நிற்கும்.

மொழிபெயர்ப்பாளர், உரைபெயர்ப்பாளர் (பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்) வேலைக்கு 2024 மே மாதக் கணக்கில் இடைநிலைச் சம்பளம் 59,440 டாலர். 245 டாலர் தவணைக்குத் தாராளம். ஆனால் இந்தத் தொழிலுக்கு மொழியியல் பட்டம் கட்டாயமே இல்லை. மருத்துவமனை உரைபெயர்ப்புக்கான சிசிஹெச்ஐ சான்றிதழ் கேட்பது பள்ளிப் படிப்பும் 40 மணி நேரப் பயிற்சியும் மொழித்திறனும்தான். தமிழுக்குத் தனித் தேர்வு கிடையாது. எல்லா மொழிக்கும் பொதுவான கோர்சிஹெச்ஐ தேர்வு எழுத வேண்டும். படிக்கும்போதே இதை முடித்துப் பகுதிநேரமாக வேலை பார்த்தால் கடன் தேவையே குறையும். எழுத்து மொழிபெயர்ப்பில் கதை வேறு: இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலை பெருகி, சொல்லுக்கான கூலி இறங்கியிருக்கிறது.

பேச்சு-மொழி சிகிச்சையாளர் ஆவதே மொழியியலிலிருந்து போகும் பாதைகளில் கணக்கு மிகத் தெளிவானது. 2024 இடைநிலைச் சம்பளம் 95,410 டாலர். முதுநிலை கட்டாயம். படிப்பில் 400 மணி நேர மருத்துவப் பயிற்சி, அதன்பின் முழுநேரமாக 36 வாரப் பயிற்சிப் பணி, பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வு. மொழியியல் மாணவருக்கு ஒலியியலும் மொழி ஈட்டலும் ஏற்கெனவே இருக்கும். இல்லாமல் தடுமாறுவது உயிரியல், வேதியியல் அல்லது இயற்பியல், புள்ளியியல், பேச்சுறுப்பு உடற்கூறியல், செவிப்புலவியல். இவற்றை இளங்கலையில் விருப்பப்பாடமாக எடுக்காமல் விட்டால், பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு தனியாகப் படிக்க நேரும். அந்த ஓராண்டுக்குக் கடன் தனி.

முதுநிலைக் கடன் இனி ஆண்டுக்கு 20,500-தான். மேற்படிப்புச் செலவு முழுவதற்கும் முன்பு கிடைத்த கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டங்களுக்கு வரம்பு 50,000. சட்டம் சுட்டும் அந்தப் பட்டியலில் பேச்சு சிகிச்சை இல்லை. ஆகவே இரண்டு ஆண்டுக்கு 41,000, வட்டி 7.94 சதவீதம். தவணை தொடங்கும்போது இளங்கலைக் கடன் 29,300, முதுநிலைக் கடன் 45,900. இரண்டும் சேர்ந்து 20 ஆண்டுத் திட்டத்தில் மாதம் 599. அளவுகோல் கேட்கும் சம்பளம் 89,800. இடைநிலைச் சம்பளத்துக்கு உள்ளே அடங்குகிறது. ஆனால் முதல் ஆண்டுச் சம்பளம் இடைநிலைக்குக் கீழேதான் இருக்கும். 20,500-க்கு மேல் கட்டணம் கேட்கும் படிப்புக்குத் தனியார் வங்கிக் கடனைச் சேர்த்தால் இந்தக் கணக்கு உடையும். அதில் ஆர்ஏபியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. பெற்றோர் ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டிவரும்.

கணினி மொழியியலுக்குத் தனி சம்பளப் புள்ளிவிவரம் தேடி அலைய வேண்டாம். அரசின் தொழில் வகைப்பாட்டில் "மொழியியலாளர்" என்பதே "பிற சமூக அறிவியலாளர்கள்" என்ற கூட்டுக்குள் கிடக்கிறது. மென்பொருள் நிறுவனங்களில் இந்த வேலை தரவு அறிவியலாளர், மொழிப் பொறியாளர் என்று வெவ்வேறு பெயரில் இருக்கும். தரவுக் கட்டமைப்பு, நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் ஆகிய மூன்றையும் இளங்கலையில் முடித்திருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

ஒரு பருவத்தைக் குறைப்பது

முதல் கடிதத்தை ஏற்றுக்கொண்ட மாணவி செய்யக்கூடியவற்றில் அதிகப் பணம் மிச்சமாவது ஒரு பருவத்தை முன்கூட்டி முடிப்பதில். மொழியியல் துறைகள் பலவும் வேற்றுமொழி ஒன்றை இரண்டு மூன்று பருவம் படிக்கச் சொல்லும். சில துறைகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு மொழியும் கேட்கும். வீட்டில் தமிழ் பேசி, எழுதப் படிக்கவும் கற்றவர் திறன் தேர்வு மூலம் இதைத் தீர்க்க முடியுமா என்று சேரும் முன்பே கேட்க வேண்டும். தேர்வு எழுதினால் தேவை மட்டும் நீங்குமா, பட்டத்துக்கான பாடமணிகளும் (கிரெடிட்) சேருமா என்பதுதான் முக்கியம். முன்னது இடம் மிச்சம்; பின்னதுதான் பணம் மிச்சம். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதிய ஏபி தேர்வுகளையும் இதோடு கூட்டிப் பார்க்கலாம்.

கடைசி ஆண்டில் ஒரே பருவம் என்றால் கடன் வரம்பும் சுருங்கும்: எடுக்கும் பாடமணிகளை 24-ஆல் வகுத்து 7,500-ஐப் பெருக்குவார்கள். 12 மணி என்றால் 3,750. மொத்தக் கடன் 23,250; சேர்ந்த வட்டியோடு ஏறத்தாழ 24,330. இது 25,000-க்குள் இருப்பதால் திட்டம் 10 ஆண்டு. தவணை 275, மொத்தம் 33,000. எட்டுப் பருவமும் படித்து 15 ஆண்டு கட்டுவதை விட 11,000 டாலர் குறைவு. சம்பளமும் ஆறு மாதம் முன்னதாகத் தொடங்குகிறது. அளவுகோல் கேட்பது 41,200 டாலர் சம்பளம்.

டிசம்பரில் முடிப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. முதுநிலைச் சேர்க்கை பெரும்பாலும் இலையுதிர் பருவத்தில். ஆறு மாத அவகாசம் ஜூனில் தீர்ந்து, ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் முன்பே தவணை வந்துவிடும். மேற்படிப்புக்குப் போகத் தீர்மானித்தவர் அந்த வசந்தப் பருவத்தில், பேச்சு சிகிச்சைக்கு விடுபட்ட பாடங்களை உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் எடுத்துக்கொள்ளலாம். பாதிநேரப் பதிவு இருந்தால் தவணை தள்ளிப்போகும். அந்தப் பாடங்களை ஏற்போம் என்று முதுநிலைக் கல்லூரி எழுத்தில் சொன்ன பிறகு பதிவு செய்வது உத்தமம்.